பவானிக்காரர் பார்க்க வேண்டிய எண் எது?

மேட்டூர் அணை 120 அடியை எட்டிய நாள் தமிழ்நாட்டுக்கு நல்ல நாள். டெல்டா உழவர்கள் நிம்மதியாக மூச்சுவிடுவார்கள், அதிகாரிகள் அணை நீரில் மலர் தூவுவார்கள், மாலைச் செய்தியில் பதினாறு கண் மதகு வெள்ளை நுரையோடு பொங்கும். அதே மாலையில் அணைக்குக் கீழே பவானியின் கந்தன் பட்டறையிலும், எதிர்க்கரையில் குமாரபாளையத்தின் இந்திரா நகரிலும் கலைமகள் தெருவிலும் மக்கள் அரிசி மூட்டையையும் ரேஷன் கார்டையும் பரணில் ஏற்றத் தொடங்குவார்கள். ஒருவருக்கு வரவாக இருக்கும் அதே தண்ணீர் இன்னொருவர் வாசலில் ஏறி நிற்கும். இது ஏன் இப்படி நடக்கிறது, எந்த எண்ணைப் பார்த்தால் முன்கூட்டியே தெரியும் என்பதைக் கரையோரத்தில் குடியிருக்கும் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும். பெரிய கணக்கெல்லாம் தேவையில்லை. மூன்று, நான்கு விஷயங்கள் பிடிபட்டால் போதும்.

முதலில் அந்த 120 அடி. அது அணைக்குள் தண்ணீர் எவ்வளவு உயரத்துக்கு நிற்கிறது என்று சொல்லும் அளவு. 120 அடியில் அணை கொள்ளும் நீர் 93.47 டிஎம்சி, அதாவது 9,347 கோடி கனஅடி. கடல் மட்டத்திலிருந்து அளந்தால் இதே 120 அடி 790 அடி ஆகும். கர்நாடகத்தின் கபினி அணை 2,284 அடி என்று செய்தியில் வரும்போது மலைத்துப்போக வேண்டாம், அது கடல் மட்டத்திலிருந்து எண்ணிய கணக்கு. ஒவ்வொரு அணைக்கும் எண்ணும் முறை வேறு என்பதால் ஓர் அணையின் அடியை இன்னொன்றின் அடியோடு ஒப்பிடவே கூடாது.

இந்த அடிக்கணக்கு அணையின் இருப்பைச் சொல்கிறது. உங்கள் தெருவில் தண்ணீர் ஏறுமா என்ற கேள்விக்கு அதில் நேரடியான பதில் இல்லை. அணை 119 அடியில் இருக்கும்போது ஆற்றில் முழங்கால் அளவு தண்ணீர்கூட ஓடாமல் இருக்கலாம். மறுநாள் அணை ஒரே ஒரு அடி கூடுதலாகக் காட்டும்போது ஊருக்குள் வெள்ளம் வந்திருக்கலாம்.

ஊருக்குத் தேவையான எண் 'வெளியேற்றம்'. விநாடிக்கு இத்தனை கனஅடி என்று சொல்கிறார்களே, அது. ஒரு கனஅடி என்பது சுமார் 28 லிட்டர். விநாடிக்கு ஒரு லட்சம் கனஅடி என்றால், 12,000 லிட்டர் கொள்ளும் தண்ணீர் லாரிகள் 236 ஒவ்வொரு விநாடியும் நம்மைக் கடந்து போவதற்குச் சமம். அந்த ஓட்டம் ஒரு நாள் முழுக்க நீடித்தால் 8.64 டிஎம்சி போயிருக்கும்.

இந்த ஒரு கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டால் பல விஷயங்கள் விளங்கும். மேட்டூரின் கடைசி ஒரு அடிக்கு, அதாவது 119லிருந்து 120 வரை, பிடிக்கும் நீர் ஏறக்குறைய 1.6 டிஎம்சி. வரத்து ஒரு லட்சம் கனஅடியாக இருந்தால் அந்த ஒரு அடி நாலரை மணி நேரத்தில் நிறைந்துவிடும். காலையில் பல் துலக்கும்போது 119 என்று கேட்டவர், மதியச் சாப்பாட்டுக்கு முன்பே 120 என்று கேட்பார். அதற்குப் பிறகு அணைக்குள் இடமில்லை. உள்ளே வருவது அப்படியே வெளியே போக வேண்டும். நிரம்பிய அணை ஆற்றை அடக்கும் பெட்டகமாக இருப்பதில்லை, அந்த நேரத்துக்கு அது ஆற்றின் அகலமான ஒரு பகுதி, அவ்வளவுதான்.

ஆகவே அணை நிரம்பியது என்ற செய்தியைக் கரையோரத்து ஊர் இப்படிப் படிக்க வேண்டும்: இன்றுவரை நமக்கும் கர்நாடகத்து மழைக்கும் நடுவே ஒரு தடுப்பு இருந்தது, இன்றுமுதல் இல்லை. மழை குறைந்திருந்தால் கவலை இல்லை. மழை தொடர்ந்தால் ஒகேனக்கல்லில் பாய்வதெல்லாம் பவானிக்கு வரும்.

2024இல் இதைக் கண்முன்னே பார்த்தோம். அதற்கு முந்தைய ஆண்டு மழை பொய்த்து, 2023 அக்டோபரில் மேட்டூர் நீர்மட்டம் 31 அடி அளவுக்கு இறங்கி, டெல்டா பாசனத்துக்கான திறப்பே நிறுத்தப்பட்டது. 2024 ஜூலை தொடக்கத்திலும் அணையில் 40 அடி அளவுக்குத்தான் தண்ணீர். அந்த மாதத்தின் பிற்பகுதியில் குடகிலும் வயநாட்டிலும் மழை கொட்ட, ஜூலை 30ஆம் தேதி 120 அடி. ஓரிரு நாளில் வெளியேற்றம் ஒன்றரை லட்சம் கனஅடியைத் தாண்டியது. முண்டக்கையையும் சூரல்மலையையும் நிலச்சரிவு அழித்ததும் அதே ஜூலை 30 அதிகாலைதான். அந்தச் சரிவின் நீர் மேற்கே சாலியாற்றில் போனது. ஆனால் அதே மழையின் ஒரு பங்கு வயநாட்டின் கிழக்குச் சரிவில் இறங்கி, கபினியாகி, காவிரியில் கலந்து, பவானிக் கூடுதுறையின் படிகளை மூழ்கடித்தது. நம் ஊரில் ஒரு தூறல்கூட விழாமல் வெள்ளம் வருவதன் காரணம் இதுதான். வானத்தைப் பார்த்து முடிவுசெய்யும் பழக்கம் காவிரிக்கரையில் ஆடி மாதத்தில் உதவாது.

உதவுவது ஆற்றின் மேற்பகுதியிலிருந்து வரும் மூன்று செய்திகள். முதலாவது, கபினி, கிருஷ்ணராஜ சாகர் அணைகளின் திறப்பு. கபினி வெறும் 19.52 டிஎம்சி கொள்ளும் அணை, வயநாட்டில் இரண்டு நாள் கனமழை பெய்தால் திணறிவிடும், அதனால் பெரும்பாலும் அதுதான் முதலில் திறக்கும். 49.45 டிஎம்சி கொள்ளும் கிருஷ்ணராஜ சாகர் பின்னால் வரும். இவற்றில் திறந்த நீர் தமிழ்நாட்டு எல்லைக்கு வர ஏறக்குறைய இரண்டு நாள் ஆகும். இரண்டாவது, எல்லையில் பிலிகுண்டுலுவில் மத்திய நீர் ஆணையம் எடுக்கும் அளவு. மூன்றாவது, மேட்டூரின் வெளியேற்றம். மேட்டூரைத் தாண்டிவிட்டால் பவானிக்கு மணிக்கணக்குதான், ஒரு முழு நாள் கிடைக்காது. செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, குதிரைக்கல்மேடு, ஊராட்சிக்கோட்டை என்று நடுவே கதவணைகள் உள்ளன. அவை மின்சாரம் எடுப்பதற்காகக் கட்டியவை. பெருவெள்ளத்தைப் பிடித்து வைக்கும் கொள்ளளவு அவற்றுக்குக் கிடையாது, வெள்ளம் வரும்போது கதவுகளைத் தூக்கி வழிவிடுவதே அவற்றின் வேலை. கதவணை இருக்கிறதே, தடுத்துவிடுமே என்று யாரும் நம்பி இருந்துவிடக் கூடாது.

ஆகவே மேட்டூர் திறப்பு என்பது கடைசி மணி. சாமான் ஏற்றுவதை அப்போது தொடங்கினால் பதற்றம்தான் மிஞ்சும். கபினி திறந்தது என்ற செய்தி வரும்போது மேட்டூர் எத்தனை அடியில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். 100 அடியில் இருந்தால் அணையில் சுமார் 65 டிஎம்சி இருக்கும், இன்னும் 28 டிஎம்சிக்கு இடம் உண்டு. ஒரு லட்சம் கனஅடி வந்தாலும் மூன்று நாளுக்குமேல் தாங்கும். 118இல் இருந்தால் சில மணி நேரமே. அணையின் அடிக்கணக்கு கரையோரத்து மக்களுக்குப் பயன்படும் இடம் இது ஒன்றுதான்: இன்னும் எவ்வளவு அவகாசம் மிச்சம் என்பதை அது சொல்லும்.

இனி, பவானிக்கே உரிய ஒரு சங்கடம். இது கூடுதுறை ஊர். சங்கமேஸ்வரர் கோயிலின் ஒரு பக்கம் காவிரி, மறுபக்கம் நீலகிரியிலிருந்து வரும் பவானி. இரண்டு ஆறுகளுக்கு இரண்டு அணைகள், இரண்டு வகை மழை. பவானி ஆற்றின் மேலே பில்லூர் அணையின் மொத்த நீர்மட்டம் 100 அடி, 97 அடியை எட்டினாலே உபரிநீரைத் திறந்துவிடுவார்கள், மேட்டுப்பாளையம் முதல் எச்சரிக்கை போகும். அந்த நீரும், மோயாற்று நீரும் பவானிசாகரில் சேரும். 105 அடி, 32.8 டிஎம்சி கொள்ளும் மண் அணை அது.

பவானிசாகரில் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. ஜூலை இறுதிவரை 100 அடி, ஆகஸ்டிலிருந்து அக்டோபர் இறுதிவரை 102 அடி, அதற்குப் பிறகே 105 அடி என்று நீர் தேக்கும் உச்சத்துக்கு வரம்பு வைத்திருக்கிறார்கள். மழைக்காலம் மிச்சம் இருக்கும்வரை அணையில் கொஞ்சம் இடத்தைக் காலியாக வைத்திருப்பதுதான் இதன் பொருள். திடீரென நீலகிரியில் கொட்டினால் அந்த மூன்று முதல் ஐந்து அடி ஓரளவு தாங்கும்.

பவானி ஆற்றில் மட்டும் தண்ணீர் பெருகினால் அது கூடுதுறையில் காவிரிக்குள் இறங்கிப் போய்விடும். காவிரி மட்டும் பெருகினால்? அப்போது பவானி ஆற்று நீருக்கு இறங்க வழி இருக்காது. காவிரியின் மட்டம் உயர்ந்து நிற்க, பவானியின் ஓட்டம் தயங்கி, தண்ணீர் பின்னோக்கித் தேங்கும். காவிரிக்கரையை எட்டிப் பார்க்காத தெருக்காரர்கூட, பவானி ஆற்றின் பக்கத்தில் அமைதியாக மட்டம் ஏறுவதைக் காண்பார். பவானிசாகரில் பெரிதாக ஒன்றும் திறக்கவில்லையே என்று குழம்புவார். காரணம் மேலே இல்லை, கீழே, கூடுதுறையில் இருக்கிறது.

இரண்டும் சேர்ந்து வந்தால் பாடு மிகவும் கடினம். 2018 ஆகஸ்டில் அப்படித்தான் ஆனது. மேட்டூரிலிருந்து இரண்டு லட்சம் கனஅடி அளவுக்கு வந்துகொண்டிருந்தபோதே பவானிசாகரிலிருந்தும் பெருமளவில் உபரிநீர் வந்தது. கூடுதுறைக்குக் கீழே உள்ள ஈரோடு, பள்ளிபாளையம், கொடுமுடிக்கு இரண்டின் கூட்டுத்தொகை போய்ச் சேர்ந்தது. அந்த மாதம் 22ஆம் தேதி இரவு, வெகு தொலைவில் முக்கொம்பு மேலணையின் கொள்ளிடப் பகுதியில் 9 மதகுகள் அடித்துச் செல்லப்பட்டதை மறந்திருக்க மாட்டீர்கள். பவானிக்காரர் மேட்டூர் எண்ணை மட்டும் கேட்டுவிட்டு வானொலியை அணைத்துவிடக் கூடாது. பவானிசாகர் எண்ணையும் கேட்டுக் கூட்டிப் பார்க்க வேண்டும்.

சரி, ஒன்றரை லட்சம் கனஅடி என்றால் தண்ணீர் எத்தனை அடி ஏறும்? இதற்கு எல்லா இடத்துக்கும் பொருந்தும் ஒரே விடை கிடையாது. ஆற்றில் ஓடும் நீரின் அளவு என்பது குறுக்குவெட்டின் பரப்பும் ஓட்டத்தின் வேகமும் பெருக்கிய தொகை. ஆறு அகன்று கிடக்கும் இடத்தில் கூடுதல் நீர் பக்கவாட்டில் பரவிக்கொள்ளும், மட்டம் கொஞ்சமே ஏறும். பாலத்தூண்களும் கட்டடங்களும் நெருக்கும் இடத்தில் பரவ இடமில்லை, உயரத்தான் வேண்டும். ஆற்றுக்குள் ஆகாயத்தாமரையும் சீமைக் கருவேலமும் அடர்ந்திருந்தால் வேகம் குறையும், வேகம் குறைந்தால் அதே நீர் போவதற்கு அதிக உயரம் தேவைப்படும். அதனால்தான் ஓர் ஊரில் படித்துறையை மட்டும் நனைக்கும் அதே வெளியேற்றம், பத்து கிலோமீட்டர் தள்ளி வீட்டுக்குள் புகுகிறது.

இதற்காகத்தான் ஆற்றில் அளவுகோல் நட்டு வைத்திருக்கிறார்கள். மத்திய நீர் ஆணையத்துக்குக் காவிரியில் ஊராட்சிக்கோட்டையிலும் கொடுமுடியிலும், பவானி ஆற்றில் சவண்டப்பூரிலும் அளவை நிலையங்கள் உண்டு. வெள்ள முன்னறிவிப்பு தரும் இடங்களில் ஆணையம் மூன்று கோடுகளை வைத்துக்கொள்ளும்: எச்சரிக்கை மட்டம், அபாய மட்டம், இதுவரை பதிவான உச்ச மட்டம். எச்சரிக்கையைத் தாண்டினால் மஞ்சள், அபாயத்தைத் தாண்டினால் ஆரஞ்சு, பழைய உச்சத்தையே தாண்டினால் சிவப்பு. கோடு எங்கே இருக்கிறது என்பதைக் காட்டிலும், தண்ணீர் மணிக்கு எவ்வளவு ஏறுகிறது என்பது முக்கியம். எச்சரிக்கைக் கோட்டுக்கு ஓர் அடி கீழே இருந்து வேகமாக ஏறிக்கொண்டிருக்கும் ஆறு, கோட்டுக்கு மேலே நின்று மெல்ல வடியும் ஆற்றைவிட ஆபத்தானது.

ஆறு கரையைத் தாண்டி அலையாக வந்து ஊருக்குள் புகும் என்றுதான் பலர் எதிர்பார்க்கிறார்கள். பெரும்பாலும் அப்படி வருவதில்லை. கரையோர ஊர்களில் தண்ணீர் முதலில் எட்டிப் பார்ப்பது சாக்கடை வழியாக. ஊரின் கழிவுநீரும் மழைநீரும் ஆற்றில் விழும் வாய், சாதாரண நாளில் ஆற்று மட்டத்துக்கு மேலே இருக்கும். ஆறு உயர்ந்து அந்த வாயை மூடிவிட்டால் உள்ளிருந்து எதுவும் வெளியேறாது, ஆற்று நீரே அந்தக் கால்வாயில் ஏறி, கரையிலிருந்து நாலு தெரு தள்ளித் தாழ்வான இடத்தில் குமிழியிட்டு வெளிவரும். ஊருக்குள் வரும் ஓடைகளும் பள்ளங்களும் இதே கதைதான். கரை உயரமாக இருக்கிறது, நமக்கென்ன என்று இருப்பவர் முதலில் தன் தெருச் சாக்கடையைப் பார்க்கட்டும். அது நிறைந்து, ஓட்டம் நின்று, நீர் எதிர்த்திசையில் அசையத் தொடங்கினால் கிளம்பிவிட வேண்டும்.

இன்னொன்று நிலத்தடியில். ஆறு உயர்ந்து நிற்கும்போது கரை மண்ணுக்குள் நீர் ஊறி, பக்கத்துக் கிணறுகளின் மட்டம் ஏறும். ஜமக்காளம் நெய்யும் குழித்தறி கரையோர வீட்டில் இருந்தால், வாசலில் தண்ணீர் வரும் முன்பே தறிக்குழியில் ஊற்று எடுக்கலாம். பாவும் நூலும் நனைந்தால் ஒரு நெசவாளிக்குப் பல வார வருமானம் போகும். குமாரபாளையத்து விசைத்தறிகளில் மோட்டார் தரையோடு ஒட்டி இருக்கும். வெள்ளச் சேதம் என்று பேசும்போது இடிந்த சுவர்களைத்தான் கணக்கெடுக்கிறார்கள். நனைந்த பாவும் எரிந்த மோட்டாரும் அதே கணக்கில் ஏறவேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். உயிரைக் காப்பாற்றிக்கொண்டு மண்டபத்துக்குப் போய்விடலாம், திரும்பி வந்து பிழைக்கத் தறி வேண்டுமே.

ஒவ்வொரு வெள்ளத்தின்போதும் ஒரு கேள்வி எழும்: மழை வரும் என்று தெரிந்தும் அணையை முன்பே கொஞ்சம் காலி செய்திருக்கலாமே? நியாயமான கேள்வி. 1934இல் திறக்கப்பட்ட மேட்டூர், முதன்மையாகப் பாசனத்துக்கான அணை. ஜூலையில் 10 டிஎம்சியை ஆற்றில் விட்டுவிட்டு, அதற்குப் பிறகு மழை நின்றுபோனால் அந்த 10 டிஎம்சியைத் தஞ்சையிலும் நாகையிலும் யாரும் மறக்க மாட்டார்கள். 2023இல் காய்ந்த குறுவை வயல்களைப் பார்த்தவருக்கு அந்தத் தயக்கம் புரியும். அணையைக் கையில் வைத்திருக்கும் பொறியாளரின் நிலை எளிதானதல்ல. ஆனால் மழையை இரண்டு, மூன்று நாள் முன்பே ஓரளவு கணிக்க முடிகிற காலம் இது. மேட்டூரில் 115 அடியைத் தாண்டிய பிறகு, குடகிலும் வயநாட்டிலும் கனமழை முன்னறிவிப்பு இருக்கும்போது, திறப்பை ஒரு நாள் முன்பே மெல்ல ஏற்றிக்கொண்டு போனால் உச்சம் தணியும். ஐம்பதாயிரத்திலிருந்து ஒன்றரை லட்சத்துக்குத் தாவுவதற்கும், ஒரு லட்சத்தில் ஒரு நாள் கூடுதலாக ஓடவிடுவதற்கும் கீழே உள்ள தெருக்களில் மிகப் பெரிய வேறுபாடு உண்டு.

'நூறாண்டுக்கு ஒருமுறை வரும் வெள்ளம்' என்ற தொடர் உண்டாக்கும் தவறான நிம்மதியையும் சொல்ல வேண்டும். 1924 ஜூலையில் காவிரியில் வந்த பெருவெள்ளத்தைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அப்படி ஒன்று வந்துவிட்டால் அடுத்த நூறாண்டு வராது என்று பொருளல்ல. எந்த ஓர் ஆண்டிலும் வருவதற்கு நூற்றில் ஒரு வாய்ப்பு என்பதே பொருள். ஒருவர் கரையோரத்தில் வீடு கட்டி 30 ஆண்டு குடியிருந்தால், அந்தக் காலத்துக்குள் அதைச் சந்திக்க ஏறக்குறைய நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. மனை வாங்கும்போது விலையைக் கேட்பதுபோல இதையும் கேட்க வேண்டும். பக்கத்து வீட்டுச் சுவரில் பழைய வெள்ளத்தின் கறை எவ்வளவு உயரத்தில் இருந்தது என்று அங்கே நெடுநாள் குடியிருக்கும் பாட்டியிடம் கேட்டால் சொல்லிவிடுவார்.

தண்ணீர் வந்துவிட்ட பிறகு செய்ய வேண்டியது சுருக்கம். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு வெளியேறுங்கள். ஓடும் நீரில் அரை அடி ஆழம் ஒரு பெரியவரையே நிலைகுலையச் செய்யும், ஓர் அடி ஒரு சிறிய காரைத் தள்ளும், ஆகவே தரைப்பாலத்தில் இறங்கவே வேண்டாம். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலத்துக்கு 1070. ஆடிப் பதினெட்டு, ஆடி அமாவாசை நாள்களில் கூடுதுறையில் நீராடத் தடை போட்டால் மனம் வருந்தினாலும் கேளுங்கள், முன்னோர் கரையில் கொடுக்கும் எள்ளையும் தண்ணீரையும் ஏற்றுக்கொள்வார்கள். வெள்ளம் வடியும்போதும் கரையருகே நிற்க வேண்டாம். ஊறிக் கனத்த மண்ணை இத்தனை நாள் ஆற்று நீரே தாங்கிக்கொண்டிருந்தது. நீர் சட்டென இறங்கினால் தாங்க ஆளில்லாமல் கரை சரியும்.

இவ்வளவும் படித்துவிட்டு ஒரே ஒரு காரியம் செய்ய முடியும் என்றால், உங்கள் தெருவின் எண்ணைக் கண்டுபிடியுங்கள். மேட்டூரில் எத்தனை கனஅடி திறந்தபோது உங்கள் தெருமுனைச் சாக்கடை எதிர்த்தது, எத்தனைக்கு முதல் வீட்டுப் படி நனைந்தது, எத்தனைக்கு உங்கள் வீட்டுக்குள் வந்தது? 2018, 2022, 2024 ஆண்டுகளில் அங்கே குடியிருந்தவர்களைக் கேட்டு, அந்த நாளின் வெளியேற்றத்தோடு சேர்த்து எழுதினால் ஒரு பக்கத்தில் முடிந்துவிடும். பவானிசாகர் எண்ணையும் பக்கத்தில் குறியுங்கள். நகராட்சி இதைச் செய்து ஒவ்வொரு தெருமுனையிலும் பெயின்ட் அடித்து எழுத வேண்டும் என்று கேட்பது நம் உரிமை. ஒலிபெருக்கியில் 'தாழ்வான பகுதி மக்கள் பாதுகாப்பான இடத்துக்குச் செல்லவும்' என்று பொதுவாகச் சொன்னால் யாரும் தன் வீடு தாழ்வானது என்று நினைப்பதில்லை. 'ஒரு லட்சத்து நாற்பதாயிரம் திறக்கிறார்கள், இந்தத் தெருவுக்கு ஒரு லட்சத்து முப்பதுக்கே வரும்' என்று சொன்னால் எவரும் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். அந்த எண் நிரந்தரமும் அல்ல. மணல் அள்ளினால் மாறும், வண்டல் படிந்தால் மாறும், புதுப் பாலமோ கரைச்சுவரோ கட்டினால் மாறும். ஆகவே ஒவ்வொரு வெள்ளமும் வடிந்த வாரத்திலேயே, சுவரில் கறை காய்வதற்குள், அளந்து திருத்தி எழுதிவிட வேண்டும்.